குகநேசன் மாஸ்டர் கதைக்கிறன்

ஆன்ட்டி, தமிழா? போன்ல யாருகிட்டயோ கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னீங்க பாருங்க, அத வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். டால்பின் பாக்க வந்தீங்களா? அந்தப் படகு வர நேரமாகும். உங்க மருமகன் டீ வாங்கப் போயிருக்காரா, அதுக்கும் நேரமாகும், கடை அந்தக் கோடியில இருக்கு. உக்காருங்க. உங்களுக்கு ஒரு சிரிப்பு தரேன். சும்மா சிரிப்பு இல்ல, வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பீங்க. ஆனா இப்போ தர மாட்டேன். இப்போ சொன்னா வீணாப் போயிரும். எங்க போட் வரணும். போட்ல எங்க அண்ணன் வரணும். கூட ஒரு ஆளு வரக்கூடாது. அந்த ஆளு வராம இருக்கும் பாருங்க, அங்கதான் சிரிப்பு.

என் பேரு பெர்லின். இது அந்தச் சிரிப்பு இல்ல, ஆன்ட்டி, இதுக்குச் சிரிக்காதீங்க. நாகர்கோவில் பக்கம் இதெல்லாம் சகஜம், எனக்கு மாஸ்கோன்னு ஒரு மாமாவே இருக்காரு. பிளஸ் ஒன் படிக்கேன். வளந்ததெல்லாம் இந்த மஸ்கட்லதான். எனக்குப் பாட வராது, வரைய வராது, கணக்கு சுத்தமா வராது. குரல் வரும். யாரு குரல் வேணும்னாலும் வரும். எங்க அப்பா: "ஏட்டி மக்களே, அந்த ஏசிய அணைச்சிட்டுப் போனா ஒனக்குக் கை தேஞ்சா போவும்?" எங்க மலையாளி பிரின்சிபல்: "குட்டீ, எந்தா சிரிக்குந்நது, இவிட சர்க்கஸ் உண்டோ?" அம்மா குரல்ல அப்பாவுக்குப் போன் போட்டு ஒரு தடவ ரெண்டு கிலோ மத்தி வாங்க வச்சேன். அம்மாவுக்கு மத்தி வாடையே ஆகாது. அன்னைக்கு வீட்டுல நடந்தது தனிக் கதை, அதுக்குள்ள இப்போ போக வேண்டாம்.

இந்தக் குரலுக்கெல்லாம் மொதல்ல சிரிக்கிறது யாரு? ஜெபின் அண்ணன். தரையில உருண்டு சிரிப்பான். "இன்னொரு தடவ, பெர்லி, இன்னொரு தடவ"ன்னு கேப்பான். அவன் பிளஸ் டூ முடிச்சிட்டான். அடுத்த வாரம் கோயம்புத்தூருக்குப் போறான், காலேஜ். நாலு வருசம். அத விடுங்க.

மார்க் வந்த அன்னைக்கு அப்பா கேட்டாரு, என்னல வேணும்னு. போன் கேப்பான், பைக் கேப்பான்னு பாத்தா, கடலுக்கு அடியில போகணும்னான். ஸ்கூபா. முதுகுல காத்து சிலிண்டர் கட்டிக்கிட்டு, வாயில குழாயக் கடிச்சுக்கிட்டு, மீன்கூட நீந்துறது. அம்மா உடனே, "அவளையும் சேத்து விடுங்க, அண்ணனும் தங்கச்சியும் சேந்து போனா எனக்கு நிம்மதி"ன்னா. கேட்டீங்களா? *சேந்து போனா*. எங்க அம்மா வாயால சொன்னது.

சொல்லிக் குடுக்கிறவரு குகநேசன் மாஸ்டர். திருகோணமலைக்காரரு. அவரு தமிழக் கேட்டா எனக்கு வாயெல்லாம் ஊறும், ஆன்ட்டி. மொதல் வகுப்புல நீச்சல் குளத்து விளிம்புல நின்னுக்கிட்டு, "பிள்ளையள், கடலுக்குள்ள ஒருத்தரும் தனியப் போறேல்ல. சோடி சோடியாத்தான் போறது. உங்கட சோடிக்குக் காத்துக் குறைஞ்சா நீங்களும் மேல வரவேணும். உங்களுக்குக் காத்துக் கனக்க மிச்சம் இருந்தாலும் வரவேணும். விளங்குதோ?"ன்னாரு. அன்னைக்கு ராத்திரியே நான் அப்படியே செஞ்சு காட்டினேன். ஜெபின் கட்டில்ல இருந்து விழுந்துட்டான். எனக்கு அவன் சோடி, அவனுக்கு நான் சோடி, சொல்லணுமா என்ன.

அப்போதான் அவ வந்தா. அவ, தாரணி. எங்க பில்டிங்லயே கீழ் மாடி. கோயம்புத்தூர்ல இருந்து இந்த வருசந்தான் வந்தவ. பேசவே மாட்டா. பேசினாலும் "சரிங்க", "அப்படிங்களா", "வர்றனுங்க", அவ்வளவுதான். மிமிக்ரி பண்ணக்கூட அவகிட்ட சரக்கு கிடையாது. அப்படி ஒரு ஆளு என்னத்துக்கு?

ஆனா தண்ணிக்குள்ள போனா, ஆன்ட்டி, அவ அப்படியே நிப்பா. தொட்டியில விட்ட மீன் மாதிரி. ஒரு அசைவு இருக்காது. நான் இங்க கையக் கால ஆட்டி மேல போறதும் கீழ வர்றதுமா இருப்பேன். இன்னொண்ணு, மாஸ்க் போட்டுக்கிட்டு சிரிக்கக் கூடாதாம். சிரிச்சா கன்னம் மடங்கும், மடிப்பு வழியா தண்ணி உள்ள வந்துரும். யாரு கண்டா? மாஸ்டர் முகத்த தண்ணிக்குள்ள பாத்திருக்கீங்களா, கன்னத்த உப்பிக்கிட்டு, கண்ண உருட்டிக்கிட்டு? அத எப்படிச் சிரிக்காமப் பாக்கிறது? எனக்கு மாஸ்க்ல பாதிக்கு எப்பவும் தண்ணிதான். சிரிக்கச் சிரிக்கக் காத்தும் தீந்துரும். மத்தவங்க சிலிண்டர் பாதியில நிக்கும்போது என்னோடது காலி. நான் மேல வந்தா ஜெபினும் வரணும்ல, சோடியாச்சே. வருவான். வந்து படகுல உக்காந்து தண்ணியவே பாத்துக்கிட்டு இருப்பான். நான் மாஸ்டர் குரல்ல, "என்ன தம்பி, மீனெல்லாம் சுகமோ?"ன்னு கேப்பேன். சிரிப்பான். சிரிச்சான்னுதான் நினைக்கேன்.

ஒரு நாள் மாஸ்டர், "ஜெபினும் தாரணியும் ஒரு சோடி. பெர்லின் என்னோட வரட்டும்"னுட்டாரு.

ஏன்? நான் சொல்றேன் கேளுங்க. அவ மாஸ்டர்கிட்ட ஏதோ போட்டுக் குடுத்திருக்கா. வாயே பேசாதவங்கதான் ஆன்ட்டி இந்த வேலையெல்லாம் பாக்கிறது.

அதுக்கப்புறம் பாக்கணுமே. அவங்க ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள கையால பேசுவாங்க. மேல போ, நில்லு, அங்க பாரு, ஆமை. சரி, தண்ணிக்குள்ள அப்படித்தான் பேசணும். வெளிய வந்தும் அதே! படகுல எதிர் எதிரா உக்காந்துக்கிட்டு அவன் விரல இப்படிக் காட்டுவான், அவ தலைய ஆட்டுவா. அவ ரெண்டு விரல மடக்குவா, அவன் போயி தண்ணி பாட்டில எடுத்துட்டு வருவான். நான் நடுவுல உக்காந்திருக்கேன். எனக்கு எத்தன குரல் தெரியும், ஆன்ட்டி! ஒரு குரலுக்கும் அங்க எடம் இல்ல. வீட்டுல சாப்பிடும்போது என்னப் பாத்தும் அந்தக் கைய இப்படிக் கீழ அமத்திக் காட்டினான். என்னதுன்னு கேட்டேன். "கொஞ்சம் அமைதியா இரு"ன்னு அர்த்தமாம். பதினாறு வருசத்துல அவன் என்னைய அமைதியா இருன்னு சொன்னதே கிடையாது.

இது போதாதுன்னு அவ ஊருக்கே இவன் படிக்கப் போறானா, எந்த பஸ் எங்க போகும், எந்த மெஸ்ல சாப்பாடு நல்லாருக்கும், எல்லாம் சொல்லிக் குடுக்கா. அப்போ மட்டும் பேச்சு வருது பாத்தீங்களா! எனக்குப் பொறாமையெல்லாம் ஒண்ணும் இல்ல. பொறாமைப்பட அவகிட்ட என்ன இருக்கு? காத்து மிச்சம் இருக்கு. அவ்வளவுதான்.

சரி, விசயத்துக்கு வரேன். அப்பாவோட பழைய போன்ல ஒரு சிம் சும்மா கிடந்துச்சு. ஒரு கைக்குட்டைய மடிச்சு வாய்கிட்ட வச்சுக்கிட்டு, அடி வயித்துல இருந்து குரல எடுத்து, தாரணிக்குப் போட்டேன்.

"பிள்ளை தாரணி, குகநேசன் மாஸ்டர் கதைக்கிறன். என்ர போன் கடலுக்குள்ள விழுந்திட்டுது. இது புது நம்பர்."

அந்தப் பக்கம் இருமுற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. அப்புறம், "அப்படிங்களா மாஸ்டர். சொல்லுங்க மாஸ்டர்."

விழுந்துட்டா! நான் சொன்னேன், "நாளைக்குக் காலமை, துடுப்புச் செருப்பப் போட்டுக்கொண்டு பால்கனியில நடக்கவேணும். பின்பக்கமா நடக்கவேணும். கால் பலப்படும்."

"சரிங்க மாஸ்டர்."

காலையில எங்க பால்கனியில இருந்து எட்டிப் பாத்தேன். கீழ அவ நடக்கா! தவளை மாதிரி ரெண்டு காலையும் அகட்டி, பின்னால பின்னால நடக்கா. நான் வாயில துணிய அடைச்சுக்கிட்டு சிரிச்சேன். நடந்து முடிச்சு மேல பாத்துக் கையக்கூட ஆட்டினா. எனக்கு இல்ல, நான் செடிக்குப் பின்னாலல்ல இருந்தேன். வெயில் கண்ணுல பட்டிருக்கும்.

அன்னையில இருந்து எனக்கு இதே வேலை. அவளும் லேசுப்பட்டவ இல்ல, போன்ல மாஸ்டர் கிடைச்சா சந்தேகமாக் கேட்டுத் தள்ளுவா. நேர்ல பேசாதவ, மாஸ்டர்கிட்ட மட்டும் எவ்வளவு பேச்சு! ஒரு நாள் கேட்டா, "மாஸ்டர், ஒரு புள்ளைக்குக் காத்து சீக்கிரமே தீந்து போகுதுங்க. என்ன பண்ணோணும்?"

பாத்தீங்களா! அவளுக்கும் காத்துப் பிரச்சினை! வெளிய காட்டிக்காம மறைச்சு வச்சிருக்கா. எனக்குப் பதில் தெரியாது. ஆனா நான் மாஸ்டராச்சே. "நீரே சொல்லும் பாப்பம்"னு மடக்கினேன்.

"மெல்ல உள்ள இழுக்கோணுங்க. அதவிட மெல்ல வெளிய விடோணுங்க. நடுவுல மூச்சப் புடிச்சு வெக்கக் கூடாதுங்க. கைய ரெண்டையும் கட்டிக்கோணுங்க, மிதக்கறதுக்குக் கை வேண்டாமுங்க. அப்பறம், சிரிப்பு வந்தா மாஸ்டர் மூஞ்சியப் பாக்காம மணலப் பாக்கோணுங்க."

"நல்லது பிள்ளை. சரியாச் சொன்னீர்."

"அவளுக்குப் புரிஞ்சிருக்குமுங்களா மாஸ்டர்?"

"ஆருக்கு?"

"அந்தப் புள்ளைக்குங்க."

தன்னையே மூணாவது ஆளா வச்சுப் பேசுறா, வெக்கம் போல. "ஓம் ஓம், விளங்கியிருக்கும்"னு வச்சுட்டேன். அடுத்த வகுப்புல நானும் சும்மா கையக் கட்டிப் பாத்தேன். அவ சொன்னதுக்காக இல்ல. குளிரா இருந்துச்சு. மணலையும் பாத்தேன். மணல்ல ஒரு சின்ன மீன் மண்ணத் துப்பித் துப்பி வீடு கட்டிக்கிட்டு இருந்துச்சு, அதப் பாத்துக்கிட்டே இருந்ததுல நேரம் போனது தெரியல. மேல வந்தா மாஸ்டர் என் காத்து மீட்டரப் பாத்துட்டு, "அட, பெர்லின்! என்ன பிள்ளை நடந்தது?"ன்னு கேக்காரு. எல்லாம் தானா வந்ததுதான். தெறம உள்ளவங்களுக்குக் கொஞ்சம் லேட்டா வரும். தாரணி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு மாஸ்க்கத் தொடச்சுக்கிட்டு இருந்தா. எரிஞ்சிருக்கும்.

இப்போ ஒரு கூத்து கேளுங்க. இது அந்தச் சிரிப்பு இல்ல, இது வேற. முந்தாநாள் அவளே கேக்கா, "மாஸ்டர், வெள்ளிக்கிழமை தீவுக்குப் போறோமில்லீங்களா, ஜெபின் அண்ணனுக்கு அதுதானுங்க கடைசி. பெர்லினும் அவங்களும் சோடியாப் போகட்டுமுங்க. அவளுக்கு இப்பக் காத்து நிக்குதுங்களே. நான் உங்ககூட வர்றனுங்க."

ஆன்ட்டி, எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான். இந்த சீசன் பூரா எனக்கு வேண்டியது அது ஒண்ணேதான். அத அவ தட்டுல வச்சுத் தாரா. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அதெல்லாம் நான் தீர்மானிக்கிற விசயம், பிள்ளை. மாஸ்டருக்குப் படிப்பிக்க வரவேண்டாம்."

மாஸ்டர் அப்படித்தான் சொல்லுவாரு! குரல எடுத்தா குணத்தையும் எடுக்கணும், இல்லேன்னா அது மிமிக்ரியே இல்ல. போன வச்சதுக்கு அப்புறந்தான் தலையில அடிச்சுக்கிட்டேன். திருப்பிப் போன் போட்டு, "ஓம், யோசிச்சன், சரி"ன்னு சொல்லலாம்தான். ஆனா மாஸ்டர் ஒரு தடவ சொன்னா சொன்னதுதானே. அதோட, அவ பெரிய மனசு காட்டி விட்டுக் குடுத்தான்னு எனக்குக் கிடைக்கணுமா? எனக்கு எங்க அண்ணன் பக்கத்துல எடம் குடுக்க இவ யாரு?

அதான் நேத்து சாயங்காலம் கடைசிப் போன் போட்டேன். "தாரணி, நாளைக்குப் போட் பெரிய ஜெட்டியில இருந்து வெளிக்கிடேல்ல. மீன்காரர் ஜெட்டிக்கு வாரும். அங்க நில்லும்." பெரிய ஜெட்டி இதுதான், நாம உக்காந்திருக்கிற படகுத்துறை. மீன்காரங்க ஜெட்டி அந்தா, அந்தப் பாறை முனைக்கு அந்தப் பக்கம். எங்க மாஸ்டர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டாரு, வந்தவங்கள ஏத்திக்கிட்டுப் போயிருவாரு. அவ அங்கன மீன் கூடைக்கு நடுவுல நிப்பா. இங்க ஜெபினுக்கு சோடி இருக்காது. யாரு இருக்கா? நான் இருக்கேன். கையக் கட்டிக்கிட்டு, மணலப் பாக்கத் தயாரா.

"சரிங்க மாஸ்டர்"னா. "நீங்க கண்டிப்பா அங்க வந்துருவீங்கல்லங்க மாஸ்டர்?"

"நான் வராம?"ன்னேன். அவ மறுபடி இருமினா. அந்தப் புள்ளைக்கு நெஞ்சுச் சளி இருக்குன்னு நினைக்கேன், ஆன்ட்டி, பாவம், இருமிக்கிட்டே இருக்கா.

ஜெபின் விடியக்காலையிலயே கிளம்பிட்டான், மாஸ்டர்கூட சிலிண்டர் ஏத்தணும்னு. "நீ மெதுவா வா, பெர்லி, அவசரமே இல்ல"ன்னான். சிரிச்ச முகமாச் சொன்னான், ரொம்ப நாளைக்கு அப்புறம். போறதுக்கு முன்னாடி என் தலையில ஒரு தட்டு வேற. அவனுக்கும் என்கூடப் போறதுல சந்தோசம் இருக்கும்ல? அப்பா கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு. வந்து பாத்தா யாரும் இல்ல. வாட்ச்மேன்கிட்ட கேட்டேன், நீச்சல் படகு இன்னைக்கு இங்க வரலன்னு கையாட்டினாரு. அவருக்கு என்ன தெரியும், புது ஆளு. வெள்ளிக்கிழமை, எல்லாம் மெதுவாத்தான் நடக்கும். ஜெபினுக்குப் போன் போட்டேன், எடுக்கல. கையில சிலிண்டர் இருக்கும்போது எப்படி எடுப்பான்?

நீங்க ஏன் அந்தப் பாறைப் பக்கமே பாக்கிறீங்க? அங்க தாரணிதான் நிப்பா, இங்க இருந்து தெரியாது. யோசிச்சுப் பாருங்க, ஆன்ட்டி. தனியா உக்காந்து கடலப் பாத்துக்கிட்டு, இப்போ வரும், இப்போ வரும்னு... யாராவது கேட்டா, "மாஸ்டர் சொன்னாருங்க"ன்னு சொல்லுவா. எனக்குக் கொஞ்சம் பாவமாக்கூட இருக்கு. கொஞ்சந்தான்.

அந்தா! போட்! சொன்னேன்ல, வரும்னு? எங்க போட்தான், நீலக் கோடு போட்டிருக்கு. ஆனா ஏன் பாறை முனையச் சுத்தி வருது? எரிபொருள் போட அந்தப் பக்கம் போயிருப்பாங்க. முன்னால நிக்கிறது ஜெபின். கையாட்டுறான்! ஜெபின்! இந்தாதான் இருக்கேன்! சிரிப்புக்குத் தயாரா இருங்க, ஆன்ட்டி, இப்போ பாருங்க, அவன் பக்கத்துல எடம் காலியா...

அது யாரு?

தாரணியா? அவ எப்படி... அங்க போட் போகாதே. மீன்காரங்க ஜெட்டிக்குப் போட் போகாது, ஆன்ட்டி, அது நான் சும்மா சொன்னது. வழியில அவ நிக்கிறதப் பாத்து ஏத்தியிருப்பாங்க. மாஸ்டருக்கு இரக்க குணம் ஜாஸ்தி. மத்த எல்லாரும் இருக்காங்களே, எல்லாரும் எங்க ஏறினாங்க? ஏன் எல்லாரும் என்னையே பாத்துச் சிரிக்காங்க? ஜெபின் வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். தாரணி இருமல. வாய விட்டுச் சிரிக்கா. அவளுக்கு இவ்வளவு சத்தமாச் சிரிக்க வருமா?

மாஸ்டர் எந்திரிச்சு நிக்காரு. கையக் கூப்பிக் கும்பிடுறாரு. ஏதோ கத்துறாரு, இருங்க, கேப்போம்.

"குகநேசன் மாஸ்டர்! வணக்கம்! நீங்க சொன்ன ஜெட்டியிலதான் எல்லாரும் நிண்டனாங்கள். உங்களைத்தான் காணேல்ல! இண்டைக்குக் கடைசி நாள். ஆரை ஆரோட சோடி சேக்கிறது? நீங்கதான் தீர்மானிக்கவேணும்! கெதியாச் சொல்லுங்கோ!"

யாரக் கேக்காரு, ஆன்ட்டி? அவருதானே குகநேசன் மாஸ்டர்? நமக்குப் பின்னால யாராவது நிக்காங்களா? பாருங்க. யாரும் இல்லையே.

என்னையா?

ஐயோ.